கடைசிச் சீட்டும் கணிதப் பட்டமும்

அப்பா,

எங்கள் அலுவலகத்தின் ஆறாம் மாடிக் கழிவறைக்கு டைல்ஸ் பதிக்கிறார்கள். திங்கட்கிழமை காலை லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த மணம் வந்து முகத்தில் மோதியது. ஈரச் சீமெந்தின் மணம், டைல்ஸ் இடுக்குகளில் பூசுகிற கலவையின் கொஞ்சம் புளித்த மணம். ஹொலண்டில் ஆறு வருடமும் லண்டனில் எட்டு வருடமும் உங்கள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்த மணம். கையில் கோப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே ஒருவர் முழங்காலில் இருந்தார். காதில் தட்டைப் பென்சில். இங்கே வர முடியாது, கீழ் மாடிக்குப் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவடியில் முழு டைல்ஸில் தொடங்கி, போய் முடிகிற மூலையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டைச் செருகியிருந்தார். நீங்கள் பார்த்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். "மூலையிலை சின்னத் துண்டு வைக்கிறவன் முதல்லை அளக்காதவன்" என்பீர்கள். ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

அழுகைக்கு மணம் மட்டும் காரணம் அல்ல. அதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, மாதச் சீட்டு நடத்துகிற சீட்டு அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நீங்கள் செய்த ஒரு காரியத்தை அன்றுதான் எனக்குச் சொன்னார். அதைப் பற்றி உங்களோடு சண்டை பிடிக்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் எதையும் முதலிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சரிவரும் என்று உங்களுக்குத் தெரியும். தொடங்குகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னர், ஃபாரஸ்ட் கேட் வீட்டுக் குசினியில், பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று அம்மா தோசைக்கல்லின் முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்ததில் ஒரு தோசை கருகியது.

"கணக்கோ? பாமசிக்குப் போற அளவுக்கு மார்க்ஸ் வரும் எண்டு ஸ்கூலிலை சொல்லேக்கை, ஆரும் கணக்குப் படிப்பினமோ?"

"எனக்கு அதுதான் பிடிக்குது அம்மா."

"பிடிச்சதைப் படிக்கிறதுக்கோ ஹொலண்டிலை இருந்த வீட்டை வித்துப்போட்டு வந்தனாங்கள்?"

அம்மா சொன்னதில் பிழை இல்லை. ஹொலண்டிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் லண்டனுக்கு வந்த நம்மவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்குத்தான் வந்தார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், டொக்டராக வேண்டும். டொக்டர் இல்லையென்றால் பாமசி. பாமசியும் இல்லையென்றால் எக்கவுண்டன். அந்த வரிசையில் கணிதம் என்று ஒன்று எங்கும் இல்லை. படித்துவிட்டு என்ன வேலை என்று கேட்டால் எனக்கும் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பதினேழு வயதில், நிரூபணம் ஒன்று கடைசி வரியில் வந்து பொருந்தும்போது வருகிற சந்தோசத்தைப் பாமசிக்கு எதிராக வைத்து எப்படி வாதாடுவது?

நீங்கள் அன்று கருகின தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். கை கழுவிய பிறகு, "என்ன செலவு, என்ன வரவு எண்டு பாப்பம்" என்று மட்டும் சொன்னீர்கள். அம்மாவுக்கு அது "இல்லை" என்று கேட்டது. எனக்கு "ஓம்" என்று கேட்டது. இரண்டுமே இல்லை. நீங்கள் சொன்னது சொன்னதுதான்.

அடுத்த கிழமை டைல்ஸ் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தீர்கள். அடுத்த வருடத்திலிருந்து படிப்புக் கட்டணம் வருடத்துக்கு மூவாயிரம் பவுணாகப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். மூன்று வருடத்துக்கு ஒன்பதாயிரம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே இன்னொரு முப்பதாயிரம்.

"இது என்ன அப்பா?"

"நீ படிக்காமல் சுப்பர்மார்க்கற்றிலை காசு வாங்கிற டில்லிலை நிண்டால் மூண்டு வருசத்திலை வாற காசு. படிச்சால் அது வராது. அப்ப அதுவும் செலவுதானே? ஆகமொத்தம் உன்ர பட்டம் முப்பத்தொம்பதாயிரம் பவுண். அதோடை உடைவுக்குப் பத்து வீதம் போட்டுக்கொள்."

எந்த வேலைக்கும் டைல்ஸ் வாங்கும்போது உடைவுக்கென்று பத்து வீதம் கூட வாங்குகிறவர் நீங்கள். பட்டத்திலும் ஏதோ உடையும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. உழைக்காமல் விட்ட சம்பளமும் ஒரு செலவு என்பதற்குப் பொருளாதாரத்தில் தனிப் பெயர் உண்டு என்று முதலாம் வருடத்தில் ஒரு விரிவுரையாளர் விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பெட்டி மூடியில் ஏற்கெனவே படித்தாயிற்று.

செலவு தெரிந்துவிட்டது. வரவுக்குத்தான் நீங்கள் அலைந்தீர்கள். ஐந்து மாதம், லண்டனில் நடந்த பெண்பிள்ளைகளின் அத்தனை சாமத்திய வீடுகளுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் போனோம். முன்னரெல்லாம் மொய் எழுதி, சாப்பிட்டதும் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிற ஆள், இப்போது மேசை மேசையாகப் போய் உட்கார்ந்தீர்கள். "உங்கட மகன் என்ன படிச்சவர்? இப்ப என்ன சம்பளம்?" ஒருவரையும் விடவில்லை. அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடாத குறை. திரும்பி வரும்போது காரில் தொகைகளைச் சொல்லுவீர்கள். பாமசிப் பிள்ளைக்கு இவ்வளவு, எக்கவுண்டன் பிள்ளைக்கு இவ்வளவு. ஒவ்வொரு மண்டபத்திலும் தொகை ஏறிக்கொண்டே போனது. கணிதம் படித்த பிள்ளை ஒன்றுகூட அகப்படவில்லை.

ஒரு நாள் பின்சீட்டிலிருந்து நான் வாயைத் திறந்தேன். "அப்பா, அதெல்லாம் கலியாணச் சம்பளம். உண்மைச் சம்பளம் இல்லை."

"அப்படியெண்டால்?"

"எல்லாருக்கும் பிள்ளைக்குக் கலியாணம் பேச வேணும். அந்த மண்டபத்திலை நிண்டு ஆர் குறைச்சுச் சொல்லப்போயினம்?"

நீங்கள் சிவப்பு விளக்கில் நிறுத்தியிருந்தீர்கள். பச்சை விழுந்தும் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "ஐஞ்சு மாசம்" என்றீர்கள். அவ்வளவுதான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நீங்கள் உங்கள் வருமானத்தை ஒருநாளும் கூட்டிச் சொல்லாதவர். அதனால் மற்றவர்கள் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு வால்தம்ஸ்டோவில் ஒரு வேலை வந்தது. ஒரு தமிழ் ரீச்சர் வீட்டுக் குளியலறை, நான்கு நாள். அவர் கணிதத்தில் பட்டம் பெற்று, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். இரண்டாம் நாளே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். என்ன சம்பளம் என்று. வாடிக்கைக்காரரிடம் அப்படிக் கேட்டதற்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவர் கோபிக்கவில்லையாம். தொகையைச் சொன்னாராம், வரி போக எவ்வளவு கைக்கு வருகிறது என்றும் சொன்னாராம்.

நான்காம் நாள் பின்னேரம் வேலை உடுப்போடு குசினிக் கதிரையில் இருந்து நீங்கள் அதை எங்களுக்குச் சொன்னது எனக்குக் காதில் நிற்கிறது. "பாமசிக்காரரைவிடக் குறைவுதான். ஆனால் ரெண்டு பிள்ளைப்பெறுவுக்கு வேலையை விட்டுப்போட்டு, ரெண்டு முறையும் திரும்பப் போன உடனை வேலை குடுத்தவங்களாம். அந்த மனிசி ஒருக்காலும் வேலை தேடி அலைஞ்சதில்லையாம்." பிறகு என்னைப் பார்த்து, "சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாத ஒரேயொரு ஆள் கணக்குப் படிச்ச ஆள். நீ அதைப் படி பிள்ளை" என்றீர்கள். அடுத்த நாள் காலை விண்ணப்பத்துக்கான காசோலைக்கு அம்மாதான் கையெழுத்து வைத்தார்.

இதுவரைக்கும் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இனித்தான் வருகிறது.

கட்டணத்துக்கு அரசாங்கம் கடன் தருகிறது என்று நான் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். விலைவாசி ஏறுகிற அளவுக்குத்தான் வட்டி. வேலை கிடைத்து, சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால்தான் கட்டத் தொடங்க வேண்டும். வேலை இல்லையென்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பத்திரத்தை இரண்டாக மடித்தீர்கள்.

"என்ர பிள்ளையின்ரை பேரிலை கடன் வேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன்."

நீங்கள் பார்த்துக்கொண்டது சீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு சீட்டு அன்ரி வீட்டில் கூடுகிற இருபது பேரில் நீங்களும் ஒருவர். ஆளுக்கு மாதம் இருநூற்றைம்பது, ஆக ஐயாயிரம் சேரும். முதல் மாதம் நடத்துகிறவருக்கு. அதற்குப் பிறகு, அவசரமாகப் பணம் வேண்டியவர்கள் அந்த ஐயாயிரத்தில் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஏலம் கேட்பார்கள்; அதுதான் கழிவு. ஆகக் கூடுதலாக விடுகிறவருக்கு அந்த மாதச் சீட்டு. விட்ட கழிவு எல்லோருக்கும் பங்காகப் போகும். கடைசி மாதம் எஞ்சியிருக்கிறவர் ஒருவர்தான். அவருக்குப் போட்டியும் இல்லை, கழிவும் இல்லை. முழு ஐயாயிரம்.

நீங்கள் மூன்றாம் மாதமே எடுத்தீர்கள். ஆயிரத்து முந்நூறு கழிவு. கைக்கு வந்த மூவாயிரத்து எழுநூற்றில் என் கட்டணம் போக, ஒரு லப்டொப்பும் ரயில் பாஸும் வாங்கித் தந்தீர்கள். எனக்கு அப்போது எவ்வளவு கழிவு என்று தெரியாது. கேட்கவும் இல்லை. புது லப்டொப்பின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

முதலாம் வருட இளவேனிலில் ஒரு வகுப்பு. ஒரு சமன்பாட்டுக்கு நேரடியாக விடை காண முடியாவிட்டால், ஓர் ஊகத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்குகிற முறை. பயிற்சிக்கு நீங்களே ஓர் உதாரணம் தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் சீட்டை எடுத்தேன். அம்மாவிடம் மாதா மாதம் கட்டின தொகைகளைக் கேட்டு எழுதினேன். வரப்போகிற மாதங்களுக்கு அதற்கு முந்தின சீட்டின் கழிவுகளை வைத்துக்கொண்டேன். நாலு முறை திருத்தியதும் விடை அசையாமல் நின்றது. நீங்கள் எடுத்த சீட்டு, வருடத்துக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டிக்கு வாங்கின கடன். மொத்தத்தில் அறுநூற்றுச் சொச்சம் பவுண் நட்டம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். என் கணிதம் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு விசயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. சனிக்கிழமை காலை, பின்வளவில் நீங்கள் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். தாளை நீட்டியபடி ஓடிவந்தேன்.

"அப்பா, நீங்கள் கடன் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு அதைவிட எத்தினையோ மடங்கு வட்டிக்குக் கடன் எடுத்திருக்கிறியள்! மலிவான கடனை விட்டிட்டு ஆகவும் விலை கூடின கடன்!"

நீங்கள் மெசினை நிறுத்தினீர்கள். துணியால் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் இருந்த வெள்ளைத் தூசிக்குள் எதுவும் தெரியவில்லை.

"எனக்கு இருபத்திநாலு வயசிலை, வெளிநாட்டுக்கு அனுப்பிற ஏஜென்சிக்குக் குடுக்க எண்டு ஊரெல்லாம் வட்டிக்கு வாங்கித்தான் என்னை அனுப்பினவை. அதைக் கட்டி முடிக்க எனக்கு ஒன்பது வருசம். அந்த ஒன்பது வருசமும் ஒருத்தனும் என்னட்டை, நீ என்ன செய்ய விரும்புறாய் எண்டு கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. கடன்காறனுக்கு விருப்பம் எண்டு ஒண்டு இல்லை. உன்ர பேருக்கு அப்பிடியொரு கடுதாசி வரக் கூடாது எண்டு நினைச்சன். வட்டியைப் பாக்கேல்லை."

தாளைத் திருப்பித் தந்துவிட்டு மெசினைப் போட்டீர்கள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கோபம் என்று நினைத்துப் பயந்துபோனேன். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். என் வாயால் நான் உங்களை வெட்கப்படுத்திவிட்டேன் என்பது விளங்கியபோது, அந்தத் தாளைக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. கணக்குச் சரி. அதைச் சொன்ன விதம் பிழை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது அப்பா.

மூன்றாம் நாள் நீங்களே அறைக் கதவைத் தட்டினீர்கள். "அப்ப அந்தச் சீட்டிலை ஆருக்கு லாபம்?" என்று கேட்டீர்கள்.

"கடைசியாய் எடுக்கிற ஆளுக்கு. எல்லாரின்ரை கழிவிலையும் பங்கு வாங்கிக்கொண்டு முழுக் காசும் எடுக்கலாம். ஆனால் இடையிலை ஆரும் கட்டாமல் ஓடினால் என்ன செய்யிறது எண்டு என்ர சமன்பாட்டிலை இல்லை."

"அது மனிசரைப் பாத்துப் போடுற கணக்கு. அதை நான் பாப்பன்."

அந்தக் கோடையில், மடித்து வைத்த பத்திரத்தின் புதுப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் ஒப்பமிட்டீர்கள். இரண்டாம் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் கடன் எடுத்தேன். என் பெயருக்கு முதல் கடிதம் வந்தபோது நீங்கள் உறையைக் கையில் வைத்து நிறை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "பாரமில்லை" என்று சிரித்தபடி சொல்லித் தந்தீர்கள். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

மூன்றாம் வருட மாசி மாதத்தில் உங்கள் இதயம் நின்றது. ஐம்பது வயது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாத மீதியைச் சொல்கிறேன். சோதனை எழுதினேன், பாஸ். நல்ல பாஸ். பட்டமளிப்புக்கு அம்மா நீங்கள் ஹொலண்டில் வாங்கின சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் வெளியே வந்த வருடம், லண்டன் கம்பனிகள் ஆட்களை வேலையால் நிறுத்திப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடம். முப்பத்தொரு இடத்துக்கு எழுதினேன். புரட்டாதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எடுத்தார்கள். கார் விபத்துக் காப்புறுதிக்கு என்ன விலை வைப்பது என்று கணிக்கிற இடம். கட்டாமல் ஆள் ஓடினால் என்ன செய்வது என்பதும் இப்போது என் சமன்பாட்டுக்குள் வருகிறது.

சம்பளம் இருபத்துநாலாயிரம். மண்டபங்களில் அம்மா முப்பது என்கிறார். நான் பக்கத்தில் நின்றால் திருத்துவேன், அவர் முறைப்பார். உங்கள் பெட்டி மூடி என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் பார்த்தேன். டில்லில் நின்றால் இன்று பன்னிரண்டாயிரம் வரும். மேலதிகமாக நான் எடுப்பது வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். முப்பத்தொன்பதாயிரமும் மூன்றேகால் வருடத்தில் திரும்பிவிடும். வரியைச் சேர்க்கவில்லை. ஆனால் சம்பளம் ஏறும் என்பதையும் சேர்க்கவில்லை. உடைவுக்குப் பத்து வீதம் போட்டாலும் நான்கு வருடம் போகாது. சென்ற மாதம் டூட்டிங்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு தகப்பன் வந்து, மகள் கணிதம் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள், காசு வருமா என்று கேட்டார். நான் உண்மைச் சம்பளத்தைச் சொன்னேன். கடதாசி மேசைவிரிப்பில் இந்தக் கணக்கையும் எழுதிக் காட்டினேன். வரும், பயப்படாமல் விடுங்கள் என்றேன். அவர் அந்த மூலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சீட்டு அன்ரி ஒரு கடித உறையோடு வந்தார். முதல் சீட்டு முடிந்ததும் நீங்கள் புதிய சீட்டில் சேர்ந்தது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிறகு அம்மா அதைக் கட்டிவந்ததும் தெரியும். அது கடைசிச் சீட்டு என்பது எனக்குத் தெரியாது. உறையில் ஐயாயிரம் பவுண். அன்ரி தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இருபது வருசம் சீட்டு நடத்துறன். என்ர சீட்டைப் படுக்க வைச்சது கொப்பர்தான் பிள்ளை."

"ஏன் அன்ரி, அப்பா என்ன செய்தவர்?"

"என்ன செய்தவரோ? முதல் மாசமே எல்லாரும் இருக்கேக்கை எழும்பிச் சொன்னவர், நான் கடைசிச் சீட்டுத்தான் எடுப்பன், என்ர மகள் யூனிவர்சிற்றியிலை கணக்குப் படிக்கிறாள், அவள்தான் கணக்குப் பாத்துச் சொன்னவள் எண்டு. எப்பிடி எண்டு எல்லாருக்கும் விளங்கப்படுத்தி வேறை விட்டார். பிறகு ஆர் கழிவு கேப்பினம்? மூண்டாம் மாசத்திலை இருந்து அம்பது, அறுபதுக்கு மேலை ஒருத்தரும் போகேல்லை. எல்லாருக்கும் கடைசிச் சீட்டு வேணுமாம்! தவளை தன்ர வாயாலை கெட்ட மாதிரித் தன்ர லாபத்தைத் தானே கெடுத்துப்போட்டுப் போயிட்டார் மனிசன்."

அம்மா சிரித்தார். நீங்கள் போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பிறகு அன்ரி குரலைத் தாழ்த்தினார். "செத்தவீட்டுச் செலவுக்கு இந்தச் சீட்டை எடுங்கோ, ஒருத்தரும் போட்டிக்கு வரமாட்டினம் எண்டு நானே சொன்னனான். உன்ர அம்மா மாட்டன் எண்டிட்டா."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவர் கடைசிச் சீட்டு எண்டு சொன்னவர்" என்றார் அம்மா. "பிள்ளை பாத்த கணக்கைப் பிழையாக்க நான் ஆர்?" கணக்கோ என்று தோசையைக் கருக விட்டவர்.

அன்ரி போனதும் உறையின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என்னால் போடாமல் இருக்க முடியுமா? இருபது மாதத்தில் நீங்களும் அம்மாவும் கட்டியது நாலாயிரத்துத் தொளாயிரத்து முப்பது. வந்தது ஐயாயிரம். லாபம் எழுபது பவுண். நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் இருந்திருந்தால், வழக்கமான கழிவுகளோடு, லாபம் அறுநூற்று அறுபதுக்குக் குறைந்திராது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அந்த லாபம் இல்லாமல் போகும் என்பது என் தாளில் இருக்கவில்லை. நீங்கள் எழும்பி நின்று என் படிப்பைப் பற்றிப் பேசுவீர்கள் என்பதும் இருக்கவில்லை.

இதுதான் என் சண்டை. ஏன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பின்வளவில் நான் நீட்டிய அந்தத் தாளை நீங்கள் மன்னித்தீர்களா என்று தெரியாமல் இரண்டு வருடம் இருந்தேன். நீங்களோ அதைக் கொண்டுபோய்ப் பத்தொன்பது பேருக்கு வாசித்திருக்கிறீர்கள். எனக்காக நீங்கள் அறுநூறு பவுண் இரண்டு முறை இழந்திருக்கிறீர்கள். முதல் முறை பயத்தில், தெரியாமல். இரண்டாம் முறை பெருமையில். அதுவும் தெரியாமல்தான் என்று முதலில் நினைத்தேன். மண்டபங்களின் தொகைகளை நம்பிய நீங்கள் இதையும் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று. இப்போது எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. மூன்றாம் மாதமே கழிவு ஐம்பது அறுபதுக்கு விழுந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் மாதா மாதம் போய் அதையே சொன்னீர்களாம்.

தை மாதம் புதுச் சீட்டுத் தொடங்குகிறது. என் சம்பளத்தில் நானும் சேர்ந்திருக்கிறேன், கடைசிச் சீட்டுக்கு. அன்ரி ஒரு நிபந்தனையோடுதான் சேர்த்தார். கூட்டத்தில் கணக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால், நான் எழும்பி நின்று, கடைசிச் சீட்டை எங்களுக்குக் காட்டியவர் என் அப்பா என்று சொல்லத்தான் போகிறேன். கழிவு விழுந்தால் விழட்டும்.